நங்கூரத்தில் ஏறிய சர்க்கரை

அந்த ஆய்வகத்தில் அவள் எல்லோருக்கும் அக்கா. உறைபெட்டிகளுக்குப் பொறுப்பானவரை எல்லோரும் ஐஸ் என்பார்கள். அவர் அவளைவிட ஏழு வயது மூத்தவர். அவரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவள் அவரை அண்ணா என்பாள். யாருக்கு யார் மூத்தவர் என்று புதிதாக வருகிறவர்கள் ஒரு வாரம் குழம்பிப் போவார்கள். எல்லாவற்றுக்கும் அவளுடைய வாய்தான் காரணம். மேசையைத் துடைக்காமல் போனால் திட்டு, குடுவையில் தேதி எழுதாவிட்டால் திட்டு, மைக்ராஸ்கோப் விளக்கை அணைக்க மறந்தால் அன்று முழுக்கத் திட்டு. அப்படித் திட்டுகிறவளை வயது பார்த்தா கூப்பிட முடியும்?

அவள் வளர்த்தது ஓர் ஒட்டுண்ணியை. ஒரே ஒரு செல், அதற்கொரு வால், எந்நேரமும் துடித்துக்கொண்டே இருக்கும். ஈக்கடி வழியாக மனிதருக்குள் போகும். முதலில் காய்ச்சல், பின்கழுத்தில் பட்டாணி அளவுக்கு வீக்கம். அப்புறம் பகலெல்லாம் தூக்கம். அதற்கும் அப்புறம் ஆளே மாறிப்போவது. சாதுவாக இருந்தவர் கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பார், முன்கோபி சிரித்தபடியே மூலையில் உட்கார்ந்திருப்பார். வீட்டுக்காரர்களுக்கு இது வியாதி என்றே தெரியாது, மனுஷன் திருந்திவிட்டான் என்று சந்தோஷப்பட்டவர்களும் உண்டு. கடைசியில் அந்த ஆள் எழுந்திருக்கவே மாட்டார்.

இந்த ஒட்டுண்ணி உடம்பு முழுக்க ஒரு சட்டை போட்டிருக்கிறது. சட்டையின் ஒவ்வோர் இழையும் ஒரு நங்கூரத்தால் செல்லின் சவ்வில் மாட்டப்பட்டிருக்கும். அந்த நங்கூரத்தின் மேல் ஒன்றன்பின் ஒன்றாகச் சர்க்கரைகளை ஏற்றிவைப்பதற்கென்றே சில நொதிகள் உள்ளே வேலை செய்கின்றன. சுவரில் செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே சந்தில்லாமல் பூசுகிற கொத்தனார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். நான் சர்க்கரையில் வேலை பார்க்கிறேன் என்று அக்கா எங்கே சொன்னாலும், கேட்டவர்கள் உடனே தங்கள் சர்க்கரை வியாதிக்கு மருந்து கேட்பார்கள். அதற்கும் அவளிடம் திட்டு இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் அந்தக் கொத்தனார்களில் முக்கியமான ஒருவனை வேலையை விட்டு நிறுத்தினாள். அதாவது, அந்த நொதிக்கான மரபணுவை வெட்டி எடுத்துவிட்ட ஒரு கூட்டத்தை உருவாக்கினாள். நங்கூரம் சர்க்கரையில்லாமல் வெறுமையாக நின்றதால் அந்தக் கூட்டத்துக்கு மொட்டை என்று பெயர் வைத்தாள். மொட்டை குடுவைக்குள் நன்றாகவே வளர்ந்தது. எலியின் உடம்பிலும் தட்டுத்தடுமாறிப் பிழைத்தது. ஆனால் மனித சீரம், அதாவது ரத்தம் உறைந்த பிறகு மேலே தெளிந்து நிற்கிற அந்த வெளிர்மஞ்சள் நீர், ஒரு சொட்டு பட்டால் போதும், ஊதிப் பெருத்து வெடித்துவிடும். அதுதான் அவளுடைய பெருமை. வாரம் தவறாமல் திங்கட்கிழமை காலையில் அந்தச் சோதனையைச் செய்து பார்ப்பாள்.

சீரம் யாருடையது என்பதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. பலபேருடைய ரத்தத்தைக் கலந்து எடுத்த சீரத்தை ரத்தவங்கியிலிருந்து வரவழைக்க வேண்டும் என்பது விதி. முதல் தடவை அது வந்துசேர மூன்று வாரம் ஆனது. அக்காவுக்குக் காத்திருப்பது என்றாலே ஆகாது. "என் கையில இல்லாத ரத்தமா? எடுங்கண்ணா" என்று ஐஸ் முன்னால் கையை நீட்டினாள். அதோடு அது வழக்கமாகிவிட்டது. மாதம் ஒரு குழாய் அவர் எடுப்பார், பஞ்சை அழுத்திக்கொண்டே அவள் அவர் குத்திய விதத்தைக் குறை சொல்வாள்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. லட்சக்கணக்கில் வெடித்துச் சிதறினாலும், ஒரு மணிநேரம் கழித்துப் பார்த்தால் ரெண்டு மூன்று மட்டும் தள்ளாடி நீந்திக்கொண்டிருக்கும். மிஞ்சியதைப் பிளீச்சில் கொட்ட வேண்டும். அவள் கொட்டமாட்டாள். தாய்க்குடுவையிலேயே திருப்பி ஊற்றிவிடுவாள். குடுவை காலியாகாமல் ஓடும் என்று வெளியே காரணம் சொல்வாள். உள்ளே இருந்தது வேறு. இவ்வளவு அடி வாங்கியும் நீந்துகிறதே, இதைப் போய் எப்படிக் கொட்டுவது என்று அவளுக்குப் பாவமாக இருந்தது. ஊரையெல்லாம் திட்டுகிற மனுஷிக்கு இரக்கம் வந்த இடம் இதுதான்.

தம்பியின் விஷயத்துக்கு வரலாம். அவளுக்கு இருந்த ஒரே சொந்தம் அவன்தான். லிஃப்ட் மெக்கானிக், முப்பத்தொரு வயது. ரெண்டு சிறுநீரகமும் போய், வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் இயந்திரத்தோடு படுத்துக் கிடந்தான். ஊசி போட முடிந்த ரத்தக்குழாய்கள் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வந்தன. இப்போது மிஞ்சியிருந்தது இடது மேல்கை ஒன்றுதான். அதுவும் ரெண்டு மாதத்துக்கு மேல் தாங்காது, அதற்குள் மாற்றுச் சிறுநீரகம் வைத்தாக வேண்டும் என்று மருத்துவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அக்காவுக்கும் அவனுக்கும் எல்லாப் பொருத்தமும் அச்சு அசலாக ஒத்துப்போயிருந்தன. "கூடப் பிறந்ததுக்கு இன்னிக்குத்தான்க்கா ஒரு பிரயோஜனம்" என்றான் அவன். அறுவை சிகிச்சைக்கு நாலு வாரம் தள்ளி ஒரு வியாழக்கிழமை குறிக்கப்பட்டது.

தேதி குறித்த மறுநாள் அவள் விரலில் ஊசி குத்தியது.

மொட்டையை ஏற்றியிருந்த எலியிடமிருந்து ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். எலி துள்ளியது, ஊசி கையுறையைத் துளைத்து இடது ஆட்காட்டி விரலின் நுனியில் இறங்கியது. பொட்டு ரத்தம்தான். சுவரில் ஒரு சிவப்பு நோட்டு தொங்கியது. சின்னக் கீறல் என்றாலும் அதில் எழுத வேண்டும். மற்றவர்கள் எழுதாமல் விட்டால் கையைப் பிடித்து எழுத வைத்தவள் அவள்தான். நோட்டைப் பார்த்தாள். எழுதினால் ஆறு மாதம் யாருக்கும் எதையும் கொடுக்க விடமாட்டார்கள். தம்பிக்கு ஆறு மாதம் கிடையாது. போதாததற்கு இது மொட்டை. என் ரத்தம் இதைக் கொல்வதை நூற்றைம்பது திங்கட்கிழமை என் கண்ணால் பார்த்திருக்கிறேன், இதற்குப் போய் என்ன எழுதுவது என்று நினைத்தாள். விரலை ஸ்பிரிட்டில் முக்கிக்கொண்டு அடுத்த எலியை எடுத்தாள். அந்த முடிவு முழுக்க முழுக்க அவளுடையது, அதில் சந்தேகம் வேண்டாம்.

ஆனாலும் பயந்த மனசு. ஒரு வாரம் தினமும் விரலில் சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்தாள். ஒன்றுமே இல்லை. நிம்மதியாக விட்டுவிட்டாள். இந்த ஒட்டுண்ணி ரத்தத்தை விட்டுத் தோலுக்கடியிலும் கொழுப்பிலும் போய்ப் பதுங்கும் என்பது அவளுக்குத் தெரியாத சங்கதி இல்லை. தெரிந்ததை அப்போதைக்கு நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது வாரம் மதியத்தில் தூக்கம் வர ஆரம்பித்தது. சாதாரணக் களைப்பு என்று நினைத்தாள். பைப்பெட்டைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்த இடத்தில் தலை தொங்கிவிடும். எழுப்பினால் சிரிப்பாள். ஒரு நாள் யாரோ புதுப் பெண் வளர்ப்புக்குடுவையைக் கீழே போட்டு உடைத்துவிட்டாள். அறை முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டு அக்காவின் வாயைப் பார்த்தது. அக்கா குனிந்து கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கினாள். "பரவாயில்லம்மா, கையில குத்திடாம பாத்துக்கோ" என்றாள். குரல் அவ்வளவு இதமாக இருந்தது. உடைத்த பெண் ஏனோ அழுதேவிட்டாள்.

அன்று சாயங்காலம் ஐஸ் அவளை நிறுத்தினார். "உடம்புக்கு ஏதாவது பண்ணுதாக்கா?"

"இல்லையேண்ணா. ஏன்?"

"ஒரு வாரமா நீங்க யாரையும் திட்டல. என்னையகூட. நேத்து நான் வேணும்னேதான் பெட்டிக் கதவைத் திறந்து வச்சிட்டுப் போனேன். நீங்க பேசாம மூடிட்டுப் போனீங்க."

அவள் சிரித்தாள். சிரிப்பு வந்த பிறகுதான், தான் சிரிக்க நினைக்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்று அந்தச் சிரிப்பை மறுபடி வரவழைத்துப் பார்த்தாள். வரவில்லை. பின்கழுத்தைத் தடவினாள். முடிக்குக் கீழே, தோலுக்கடியில், பட்டாணி போல ஒன்று நழுவியது. கையை எடுத்துவிட்டாள். எடுத்ததும் அதைப் பற்றிய நினைவே இல்லாமல் போனது. மூன்று நாள் கழித்துத்தான் திரும்ப வந்தது.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை அக்கா மேசையில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை செய்யாமல் விட்ட சோதனையை ஐஸே செய்ய உட்கார்ந்தார். அவளுடைய சீரம் தீர்ந்திருந்தது. தூங்குகிறவளை எழுப்பிக் குத்துவானேன் என்று தன் கையிலேயே எடுத்துக்கொண்டார். முடித்துவிட்டு அவளைத் தட்டி எழுப்பினார்.

"அக்கா, என் சீரத்துல ஆறே நிமிஷம். ஒண்ணுகூட மிச்சமில்ல. உங்களோடதுல மட்டும் ஏன் ஒரு மணிநேரம் ஆகுது?"

தூக்கக் கலக்கத்தோடு அவள் சோதனை நோட்டை இழுத்தாள். மிஞ்சியவை என்ற பத்தியை முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்து வாசித்தாள். முதல் மாதம் மூன்று, ரெண்டு, நாலு. வருஷக் கடைசியில் முப்பது. அடுத்த வருஷம் இருநூறு, ஐந்நூறு. போன மாதம் நாற்பதாயிரம். எல்லாம் அவள் கையெழுத்து. ஒவ்வொரு வாரத்தையும் அதற்கு முந்தைய வாரத்தோடுதான் ஒப்பிட்டிருந்தாள். எப்போதும் கொஞ்சம்தான் கூடியிருந்தது. பெரும்பாலானவை வெடிக்கின்றனவா, வெடிக்கின்றன என்று ஒரு சரி போட்டுவிட்டுப் போயிருந்தாள். முதல் வாரத்தோடு ஒரு தடவைகூட ஒப்பிட்டுப் பார்த்ததில்லை.

சனிக்கிழமை, கிணறு என்று அவர்கள் சொல்லும் சிறு குழிகள் மூன்று உள்ள ஒரு தட்டை எடுத்தாள். ஒன்றில் ஐஸின் சீரம். ஒன்றில் அப்போதுதான் எடுத்த தன்னுடையது. மூன்றாவதில் தம்பியுடையது, டயாலிசிஸ் செவிலியிடம் சொல்லி ஒரு குழாய் வாங்கிவந்திருந்தாள். மூன்றிலும் குடுவையிலிருந்து மொட்டையை விட்டாள். ஐஸின் கிணற்றில் ஆறு நிமிஷத்தில் கதை முடிந்தது. அவளுடையதில் ஒன்றுகூட சாகவில்லை. சும்மா நீந்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவை கும்பலாகச் சேர்ந்து நிதானமாக வாலசைத்துக்கொண்டிருந்தன, பழகிய வீட்டுக்குள் வந்துவிட்டாற்போல. தம்பியின் கிணற்றில் பத்து நிமிஷம் எல்லாமே தயங்கி நின்றன. பிறகு ஒன்று அசைந்தது. அதைப் பார்த்து மற்றவையும் அசைந்தன.

திங்கட்கிழமை நங்கூரத்தைப் பிரித்து எடைபோடும் கருவியில் வைத்துப் பார்த்தாள். மொட்டை இப்போது மொட்டையாக இல்லை. வெறுமையாக இருக்க வேண்டிய இடத்தில் மூன்று சர்க்கரை கூடியிருந்தது. விரட்டிய கொத்தனாரின் வேலையை உள்ளே இருந்த வேறு ஏதோ ஒரு நொதி எடுத்துக்கொண்டிருக்கிறது. பழைய முறைப்படியும் அல்ல. நம் செல்களின் மேலும் இதே மாதிரி நங்கூரங்கள் உண்டு, சர்க்கரை ஏறும் விதம்தான் வேறு. இது நம் செல்களின் விதத்தில் ஏறியிருந்தது. எதைப் பார்த்தால் அவளுடைய ரத்தம் தன் ஆள் என்று விட்டுவைக்குமோ, அதையே தேடித் தேடி ஏற்றியிருந்தது. வாராவாரம் தன் ரத்தத்தைக் காட்டி, தேறியவற்றை மட்டும் தட்டிக்கொடுத்துத் திருப்பி அனுப்பியவள் அவள். மூன்று வருஷம் உட்கார வைத்துப் பாடம் எடுத்திருக்கிறாள்.

அவள் தோளுக்குப் பின்னால் நின்று ஐஸும் கருவியின் திரையைப் பார்த்தார். "நல்லவேளை, யாரும் குத்திக்கல" என்றார்.

"ஆமாண்ணா, நல்லவேளை" என்றாள் அக்கா, சிரித்துக்கொண்டே.

சொன்ன அடுத்த நொடி உள்ளுக்குள் அலறினாள். குத்திக்கொண்டேன் அண்ணா, இதோ இந்த விரலில் என்று சொல்லத்தான் வாயைத் திறந்திருந்தாள். ஐஸ் நகர்ந்து போய்விட்டார். அக்கா தன் நாற்காலியில் உட்கார்ந்து தனக்குள் கேட்கும் பேச்சைக் கவனிக்க ஆரம்பித்தாள். எதற்கு இப்போது எல்லோரையும் கலவரப்படுத்துவது, வியாழக்கிழமை நல்லபடியாக முடியட்டும், தம்பி பிழைக்கட்டும், உன்னிடம் இருப்பதில் பாதி அவனிடமும் இருக்கட்டும் என்றது அது. இதமாகச் சொன்னது. அக்கா தன்னோடு தான் பேசும்போது ஒருநாளும் இதமாகப் பேசியதில்லை. மூதேவி, அறிவுகெட்டவளே என்று ஆரம்பித்துத்தான் அவளுக்குப் பழக்கம். இந்தப் பேச்சில் ஒரு திட்டுகூட இல்லை.

இந்த வியாதி மூளைக்குப் போக மாதக்கணக்காகும் என்று புத்தகங்கள் சொல்லும். தன் உடம்பில் எந்த வழியும் அதற்குப் புதிதில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் மருத்துவமனைக்குப் போனாள். தானம் கொடுப்பவர்களின் ஒருங்கிணைப்பாளர் ஓர் அம்மாள், கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு எழுதுகிறவர். சின்ன அறை, ஜன்னலோரம் பிளாஸ்டிக் செடி, மேசையில் கடைசிக் கேள்வித்தாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அக்கா ஒரே வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள். நாலு வாரத்துக்கு முன்னாடி எனக்கு ஊசி குத்திடுச்சு. அவ்வளவுதான். ஆறு வார்த்தை.

"காய்ச்சல் ஏதாவது?"

"இல்லை."

"கடந்த மூணு மாசத்துல வேலையிடத்துல ஊசி குத்தினது, கீறினது ஏதாவது உண்டா?"

"இல்லை" என்றாள் அக்கா.

அந்த அம்மாள் டிக் போட்டார். பேனா காகிதத்தில் உரசுவதை அக்கா கேட்டாள். தன் முகம் சிரித்துக்கொண்டிருப்பதைத் தசைகள் இழுப்பதை வைத்துத் தெரிந்துகொண்டாள். வெளியே வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, மறுபடி கதவைத் தள்ளினாள். அந்த அம்மாள் நிமிர்ந்து, "என்னம்மா?" என்றார்.

"கேன்டீன் எந்தப் பக்கம்?" என்று கேட்டது அவள் வாய்.

இடது பக்கம் என்று சொன்னார் அவர். அக்கா வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாழ்நாளெல்லாம் அவளுக்குச் சொந்தமாக இருந்தது இந்த வாய் ஒன்றுதான். அது போய்விட்டது. தம்பியிடம் போகலாம், அவன் முகத்தைப் பார்த்தால் வந்துவிடும் என்று நினைத்தாள்.

டயாலிசிஸ் அறையில் ஆறு கட்டில்கள். தம்பி ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தான். அவன் ரத்தம் குழாய் வழியாக இயந்திரத்துக்குள் போய்ச் சுத்தமாகித் திரும்பிக்கொண்டிருந்தது.

"வாக்கா. என் ரத்தமும் என்னைய மாதிரியே லிஃப்ட்ல ஏறி இறங்கிட்டு இருக்கு. இன்னும் ரெண்டு நாள்தான். அப்புறம் இந்த மிஷினைக் கழட்டி என்ன கோளாறுன்னு நானே பாக்கப்போறேன்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வெளுத்துப்போன அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். தம்பி, நான் ஒண்ணு சொல்லணும்டா என்று ஆரம்பிக்கப் போனாள். கண்ணிமைகள் ஈயமாய்க் கனத்தன. வெயில் ஜன்னலில் நின்றது, இயந்திரம் ஒரே சீராக உறுமியது. இல்லை, இப்போது கூடாது என்று நினைத்ததுதான் அவளுக்கு ஞாபகம்.

கண் விழித்தபோது வெயில் சுவருக்கு நகர்ந்திருந்தது. தம்பி கட்டிலில் பாதி எழுந்து உட்கார்ந்திருந்தான். கிண்டலெல்லாம் அவன் முகத்தைவிட்டுப் போயிருந்தது. அவளுடைய இடது கை மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தான்.

"எவ்வளவு நேரம் தூங்கிட்டேன்?" என்றாள்.

"முக்கால் மணிநேரம். தூக்கத்துல பேசினே."

"என்ன பேசினேன்?"

"திட்டினேக்கா." "எவ்வளவு நாளாச்சு நீ என்னைத் திட்டி. 'அறிவிருக்காடா உனக்கு, குடுத்தா உடனே வாங்கிக்குவியா, என் உடம்புல இருந்து ஒரு பொட்டுகூட எடுக்கக் கூடாது, எடுத்தா கொன்னுடுவேன்'னு. இந்த விரலைத் தூக்கித் தூக்கிக் காட்டினே. எலின்னே. ஊசின்னே. நாலு வாரம்னே. மூணு தடவை சொன்னே, ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொன்னே."

அக்காவுக்குள் ஏதோ உடைந்து கொட்டியது. சொல்லிவிட்டேன், அப்பாடா, சொல்லிவிட்டேன் என்று உள்ளே கதறினாள். வாய் லேசாகச் சிரித்தது. "கனவுடா. வேலை நெருக்கடி. எல்லாம் நல்லபடியா முடியும், நீ எதையும் மனசுல போட்டுக்காதே."

தம்பி அவள் முகத்தையே பார்த்தான். பழுதான லிஃப்ட்டின் கதவைத் திறந்து உள்ளே பார்க்கும்போது அவன் இப்படித்தான் பார்ப்பான்.

"சிரிக்கிறே. ஆனா கண்ணுல தண்ணி கொட்டுதேக்கா" என்றான்.

அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், நனைந்திருந்தது. அவன் கட்டிலோரத்து மணியை அழுத்தினான். செவிலி வந்தாள்.

"டாக்டரைக் கொஞ்சம் உடனே வரச் சொல்லுங்க. வியாழக்கிழமை ஆபரேஷன் வேண்டாம். எங்கக்காவுக்கு உடம்பு சரியில்ல. ரொம்பவே சரியில்ல."

செவிலி ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஓடினாள். அக்காவின் வாய் அவன் பக்கம் திரும்பியது. குரல் அவ்வளவு கனிவாக இருந்தது. "உனக்கு ரெண்டு மாசம்கூட இல்லடா, கண்ணு. நான் குடுக்கறேன்னு சொல்றேன், நீ வேண்டாங்கறியா? செத்துப்போவேடா."

உள்ளே அக்கா, கேட்காதேடா, கேட்காதேடா என்று கெஞ்சினாள்.

"தெரியும்" என்றான் தம்பி. அழுகையை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டான். ஊசி குத்தாத கையால் அவள் தலையை மெல்லச் சாய்த்துக் கட்டில் விளிம்பில் வைத்தான்.

"அக்கா, நீ மறுபடி தூங்கு. டாக்டர் வருவார். தூக்கத்துல பேசற உன்கிட்டதான் அவர் கேக்கணும்."

"எனக்குத் தூக்கமே வரலையேடா" என்றது அவள் வாய், சிரித்துக்கொண்டே.

தம்பி அவள் கண்களின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினான்.